கதவைத் தட்ட ஒருவர்: 1995 சிகாகோ வெப்ப அலையும் நட்பு காத்த உயிர்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1995 ஜூலை மாத நடுவில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தைத் தாக்கிய வெப்ப அலை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஜூலை 13 அன்று மிட்வே விமான நிலையத்தில் வெப்பநிலை 106 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸை எட்டியது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்ததால் உடல் உணர்ந்த சூடு அதைவிடக் கடுமையாக இருந்தது. இரவுகளும் தணியவில்லை, பகலில் சூடேறிய செங்கல் கட்டடங்கள், குறிப்பாக அவற்றின் மேல்தளங்கள், விடியும்வரை சூட்டை உள்ளேயே கக்கிக்கொண்டிருந்தன. மின்தேவை கட்டுமீறிப் போனதால் பல்லாயிரம் வீடுகளில் மின்சாரம் நின்றது. தெருவோரத் தீயணைப்புக் குழாய்களை மக்கள் திறந்துவிட்டதால் சில பகுதிகளில் குடிநீர் அழுத்தம் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அவசரப் பிரிவில் இனி நோயாளிகளை ஏற்க இயலாது என்று ஆம்புலன்ஸ்களைத் திருப்பி அனுப்பின. பிணவறையில் இடமில்லாமல், குளிரூட்டப்பட்ட சரக்கு லாரிகளை வரவழைத்து உடல்களை வைத்தார்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே அப்போது பெரும் சர்ச்சையானது. மாவட்டத்தின் தலைமை மரண விசாரணை மருத்துவர் எட்மண்ட் டோனஹ்யூ வெப்பத்தால் நேர்ந்த மரணங்கள் என்று அறிவித்த எண்ணிக்கையை மேயர் ரிச்சர்ட் டேலி வெளிப்படையாகவே ஐயுற்றார். பின்னர் வந்த கணக்குகள் மருத்துவரின் எண்ணிக்கை மிகையல்ல, குறைவே என்று காட்டின. ஜூலை 14 முதல் 20 வரையிலான வாரத்தில், வழக்கமாக இறப்போரைவிட 739 பேர் கூடுதலாக இறந்திருந்தனர். கணக்கிடும் முறையும் காலவரம்பும் மாறினால் இந்த எண் சற்றுக் கூடும் அல்லது குறையும். ஆனால் ஐந்நூறுக்குக் கீழே அதை இறக்குவது கடினம். வெப்பத்தால் இறந்தோரில் 73 விழுக்காட்டினர் 65 வயதைக் கடந்தவர்கள்.

இந்த அளவுக்கு இதை வானிலையின் கதையாகவும், மின்கட்டமைப்பின் கதையாகவும், நிர்வாகத்தின் கதையாகவும் சொல்லலாம். அப்படிப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நட்பும் சமூக ஆதரவும் ஒருவருடைய உடல்நலத்தில் உண்மையில் என்ன வேலை செய்கின்றன என்ற கேள்விக்கு, நான் அறிந்தவரை, இதைவிடத் தெளிவாக விடை தரும் நிகழ்வு அரிது என்பதாலேயே இதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நட்பு மனத்துக்கு நல்லது, மனம் நன்றாக இருந்தால் உடலும் நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது தவறன்று. ஆனால் அது விஷயத்தின் பாதிதான். மற்றொரு பாதி மிகவும் சாதாரணமானது, அதனாலேயே பேசப்படாதது. ஒருவர் வழக்கமான நேரத்தில் தென்படாவிட்டால், அதைக் கவனித்து வந்து பார்க்கும் ஆள் யார், எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதே அது.

ஒப்பீடு சொன்னது

வெப்பம் தணிந்த சில நாட்களிலேயே, ஜூலை 21 அன்று, அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தைச் சேர்ந்த யான் செமென்சாவும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஜூலை 14 முதல் 17 வரை வெப்பத்தாலோ இதயநோயாலோ இறந்த 339 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய உறவினர், அண்டைவீட்டார், நண்பர்கள் ஆகியோரிடம் விசாரித்தனர். ஒவ்வொருவருக்கும் இணையாக, அதே பகுதியில் வாழும், ஏறத்தாழ அதே வயதுள்ள, உயிர்பிழைத்த ஒருவரை வைத்து ஒப்பிட்டனர். ஒரே தெருவில், ஒரே சூட்டில், ஒரே வயதில் இருந்த இருவரில் ஒருவர் இறக்க, மற்றவர் பிழைக்கக் காரணம் என்ன என்பதே கேள்வி. 1996 ஜூலையில் வெளியான முடிவுகள் இன்றும் வெப்ப அலை பற்றிய ஆய்வுகளின் அடிப்படையாக நிற்கின்றன.

படுக்கையிலேயே கிடந்தவர்களுக்கு, அப்படி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இறப்பின் வாய்ப்பு விகிதம் 5.5 மடங்காக இருந்தது. மேல்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு அது 4.7. இவை எதிர்பார்க்கக்கூடியவையே. நாள்தோறும் வீட்டைவிட்டு வெளியே செல்லாதவர்களுக்கு 6.7, தனியாக வாழ்ந்தவர்களுக்கு 2.3 என்று வந்ததுதான் நம் பொருளுக்குள் நுழைகிறது. குழுச் செயல்பாடுகளில் பங்கெடுத்தவர்களும், அருகில் நண்பர்கள் இருந்தவர்களும் பாதுகாக்கப்பட்டிருந்தனர். எல்லாக் காரணிகளையும் ஒருசேர வைத்துக் கணக்கிட்டபோதும் தனியாக வாழ்வதன் 2.3 மடங்கு அப்படியே நின்றது; அதாவது படுக்கையில் கிடப்பதோ குளிர்சாதனம் இல்லாததோ அதை விழுங்கிவிடவில்லை. இயங்கும் குளிர்சாதனம் உள்ளவர்களுக்கும், எங்காவது செல்ல வாகன வசதி உள்ளவர்களுக்கும் ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. வாகன வசதி என்றால் சொந்தக் கார் மட்டுமல்ல; கூப்பிட்டால் வந்து அழைத்துச் செல்ல ஓர் ஆள் இருப்பதும் வாகன வசதிதான். குளிர்சாதனமும் அப்படியே: தன் வீட்டில் இல்லாவிட்டாலும், தயக்கமின்றிப் போய் உட்காரக்கூடிய இன்னொருவர் வீட்டில் இருந்தால் போதும். பொருள் வசதி என்று பட்டியலில் எழுதப்படும் பலவற்றைக் கூர்ந்து பார்த்தால், அவற்றுக்குள் ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார்.

ஆய்வின் அமைப்பிலேயே ஒரு வரம்பு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இறந்தவரைப் பற்றி விசாரிக்க அவரை அறிந்த ஒருவர் தேவை. உறவினரும் இல்லை, நண்பரும் இல்லை, அடுத்த வீட்டுக்காரருக்கும் பெயர் தெரியாது என்ற நிலையில் இறந்தவர் இப்படிப்பட்ட ஆய்வுக்குள் வருவதே கடினம். ஆகவே தனிமையின் ஆபத்தை அளக்கும் கருவி, மிகத் தனிமையானவர்களைத் தவறவிடும் கருவியாகவும் இருக்கிறது. இதனால் கிடைத்த எண்கள் உண்மையைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

உடலுக்குள் நடப்பது

வெப்பம் ஒருவரைக் கொல்லும் விதத்தைப் புரிந்துகொண்டால், இன்னொருவரின் கண் ஏன் மருந்தைப் போல வேலை செய்கிறது என்பது விளங்கும். உடல் தன்னைக் குளிர்விக்க இரண்டு வழிகளை நம்பியிருக்கிறது: தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புவது, வியர்வையை ஆவியாக்குவது. முதல் வழிக்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். ஏற்கெனவே பலவீனமான இதயம் அந்தச் சுமையில் தோற்கும். இரண்டாவது வழி, காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் பயனற்றுப்போகும். வயது ஏற ஏற வியர்க்கும் திறனும் தாக உணர்வும் மங்குகின்றன. சிறுநீரை வெளியேற்றும் மாத்திரைகளும், மனநோய்க்கான சில மருந்துகளும் நிலைமையை மோசமாக்குகின்றன. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஹீட் ஸ்ட்ரோக் நிலையை அடைந்தால், மூளையே பாதிக்கப்பட்டுக் குழப்பமும் மயக்கமும் வருகின்றன.

இந்தக் குழப்பம்தான் திருப்புமுனை. தனக்கு ஆபத்து நேர்ந்திருக்கிறது என்பதை உணர்ந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, தொலைபேசியை எடுத்து உதவி கேட்கும் திறனையே இந்த நோய் முதலில் பறித்துவிடுகிறது. அதற்கு முன்பான சில மணி நேரங்களில் சிகிச்சை மிக எளிது: நிழல், நீர், ஈரத்துணி, குளிர்ந்த அறை. மருத்துவர்கூடத் தேவையில்லை. ஆனால் அந்தச் சில மணி நேரங்களில், 'உங்கள் பேச்சு சரியில்லையே, வாருங்கள், கீழே போகலாம்' என்று சொல்லும் வேறொருவர் அங்கே இருக்க வேண்டும். தன்னால் தன்னைக் கண்டறிய முடியாத நோய்களில் நண்பர் ஒரு கண்டறியும் கருவி; இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, உடலியங்கியல் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்தடுத்த இரு பகுதிகள்

சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க் இந்நிகழ்வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அருகருகே அமைந்த இரு பகுதிகளை எதிரெதிரே வைத்தார். வடக்கு லாண்டேலில் வெப்பத்தால் 19 பேர் இறந்தனர். ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 40 என்ற விகிதம். தெற்கு லாண்டேலில் இறந்தவர்கள் 3 பேர். லட்சத்துக்கு 4-க்கும் கீழே. இரண்டிலும் தனியாக வாழும் முதியோரின் பங்கும், ஏழை முதியோரின் பங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒரே வானம், ஒரே வெயில். பத்து மடங்கு வேறுபாடு எங்கிருந்து வந்தது?

வடக்கு லாண்டேல் பெரிய தொழிற்சாலைகளையும் நிறுவனங்களையும் இழந்த பகுதி. 1960-இல் சுமார் 1,25,000 ஆக இருந்த மக்கள்தொகை 1990-க்குள் 50,000-க்கும் கீழே சரிந்திருந்தது. கடைகள் மூடப்பட்டன, வீடுகள் காலியாகின, பல மனைகள் வெற்றிடமாயின. எஞ்சியிருந்த முதியவர்களின் நண்பர்களும் பிள்ளைகளும் வேறு இடங்களுக்குப் போய்விட்டனர். தெருவில் குற்றம் பற்றிய அச்சம் இருந்ததால் முதியவர்கள் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தனர்; தெரியாதவர் தட்டினால் திறக்கவும் மாட்டார்கள். தெற்கு லாண்டேலில் நிலைமை வேறு. லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் வந்து நிறைந்ததால் மக்கள்தொகை பெருகியிருந்தது. அதன் 26-ஆம் தெரு கடைகளும் நடமாட்டமும் நிறைந்த வீதி. அங்கே தனியாக வாழ்ந்த வயதான வெள்ளையர்கள்கூட, அக்கம்பக்கத்தாரின் மொழி தெரியாதபோதும், தினமும் ஏதாவது வாங்க வெளியே இறங்கினர். அப்படி இறங்கியதால் குளிரூட்டப்பட்ட கடையில் சற்று நின்றனர், நான்கு முகங்களைப் பார்த்தனர், நான்கு பேர் அவர்களைப் பார்த்தனர்.

இது இன அடிப்படையிலான வேறுபாடு என்று முடித்துவிட ஆசை எழும். சிகாகோ மக்கள்தொகையில் கால் பங்களவு இருந்த லத்தீன் அமெரிக்கர்கள், வெப்பத்தால் இறந்தோரில் 2 விழுக்காடு அளவே இருந்தனர் என்பதும், கறுப்பின மக்களின் இறப்பு விகிதம் வெள்ளையரைவிடக் கூடுதலாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் பெரும்பாலும் கறுப்பின மக்களே வாழ்ந்த ஆபர்ன் கிரெஷாம் பகுதியில் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 3 என்ற அளவில், நகரின் பல வசதியான பகுதிகளைவிடக் குறைவாக இருந்தது. அந்தப் பகுதி காலியாகவில்லை. கடைகள், தேவாலயங்கள், தெருமுனைச் சங்கங்கள் எல்லாம் நிலைத்திருந்தன. யார் முடியாதவர், யார் தனியாக இருக்கிறார் என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

நட்பைத் தனிமனிதரின் குணம் என்று பேசிப் பழகிவிட்டோம்: அவர் கலகலப்பானவர், இவர் ஒதுங்கியவர் என்கிறோம். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, நட்பு நிற்பதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே. நடக்கத் தகுந்த நடைபாதை, நின்று பேசக் கடைவாசல், அச்சமின்றித் திறக்கக்கூடிய கதவு இவை இல்லாத இடத்தில் கலகலப்பான மனிதரும் சில ஆண்டுகளில் தனித்துப்போவார். அவருடைய குணம் மாறியிருக்காது. பழகுவதற்கான வாய்ப்புதான் போயிருக்கும்.

ஆண்கள் ஏன் அதிகம்?

சிகாகோவில் தனியாக வாழ்ந்த முதியோரில் பெண்களே அதிகம். ஆகவே இறந்தவர்களிலும் பெண்கள் அதிகமாக இருந்திருக்க வேண்டும். மாறாக, வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால் ஆண்கள் பெண்களைப் போல இருமடங்குக்கும் மேலாக இறந்திருந்தனர். உரிமை கோர எவரும் வராததால் அந்த ஆகஸ்டு மாதம் அரசுச் செலவில் ஒரே நீண்ட குழியில் அடக்கம் செய்யப்பட்ட சுமார் 40 பேரிலும், அவ்வாறு உறவினர் தேடப்பட்ட மற்றவர்களிலும், ஆண்களே மிகப் பெரும்பான்மை.

தனியாக வாழ்வதும் தனித்துப்போவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தனியாக வாழும் பெண்ணுக்குப் பெரும்பாலும் பிள்ளைகளோடும் சகோதரிகளோடும் தோழிகளோடும் தொடர்பு அறுபடாமல் இருக்கிறது. அதை அவர் பல பத்தாண்டுகளாகப் பிறந்தநாள் விசாரிப்பு, நோய் விசாரிப்பு, சும்மா ஒரு தொலைபேசி அழைப்பு என்று பராமரித்து வந்திருக்கிறார். ஆணின் நட்பு பணியிடத்தில் பிறந்து பணியிடத்திலேயே முடிகிறது. குடும்ப உறவுகளை அவர் பொருட்டு மனைவியே நடத்திக்கொண்டிருப்பார். ஓய்வு, வேலையிழப்பு, மணமுறிவு, மனைவியின் மரணம் இவற்றில் ஒன்றிரண்டு அடுத்தடுத்து வந்தால், ஒரு வலைப்பின்னல் முழுவதும் ஒரே நாளில் அவிழ்ந்துவிடுகிறது. உதவி கேட்பது தன் ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டால், தட்டப்படும் கதவும் உள்ளிருந்து தாழிடப்படுகிறது. விடுதி அறைகளில் மாத வாடகைக்குத் தங்கியிருந்த ஒற்றை ஆண்கள் இந்த வெப்ப அலையில் பெரிதும் பாதிக்கப்பட்டதற்கு வறுமை மட்டுமே காரணம் அல்ல.

எழுந்த மறுப்புகள்

இந்த விளக்கம் சவாலின்றி ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட்டிருந்தால் அதுவே கவலைக்குரியது. சமூகவியலாளர் மிட்செல் டுனியர் 2006-இல், ஒரு பகுதியின் இயல்பை அங்கே இறந்த தனிமனிதரின் மரணக் காரணமாக மாற்றிவிடும் தர்க்கப் பிழை இந்த ஒப்பீட்டில் இருக்கிறது என்று வாதிட்டார். பத்தொன்பதும் மூன்றும் சிறிய எண்கள். அந்தப் பத்தொன்பது பேரும் உண்மையிலேயே தனித்திருந்தவர்களா, அச்சத்தால் அடைந்துகிடந்தவர்களா என்பதை ஒவ்வொருவராகப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்பது நியாயமான கண்டிப்பு. அதே 2006-இல் கிறிஸ்டோபர் பிரவுனிங்கும் அவருடைய சகாக்களும் நகரின் பல பகுதிகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, கடைவீதிகள் சீரழிந்த பகுதிகளில் அந்த வெப்ப அலையின்போது இறப்பு கூடுதலாக இருந்ததைக் கண்டனர். ஆக, இரு பகுதிகளின் கதையை அப்படியே நம்பவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். அது சுட்டிய திசையில் பிற சான்றுகளும் நிற்கின்றன.

இன்னொரு மறுப்பு கனமானது. நோயுற்றவர்களே வெளியே போவதில்லை, நண்பர்களை இழக்கிறார்கள். ஆகவே தனிமை காரணம் அல்ல, நோயின் விளைவு என்பது அது. நாள்தோறும் வெளியே செல்லாதவர்களின் 6.7 மடங்கில் இந்த விளைவு கணிசமாகக் கலந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் படுக்கையில் கிடப்பதைக் கணக்கில் எடுத்த பின்னும் தனியாக வாழ்வதன் விளைவு நின்றது என்பதை முன்பே பார்த்தோம். பல நகரங்களின் ஆறு ஒப்பீட்டு ஆய்வுகளையும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெப்ப மரணங்களையும் தொகுத்து அப்தர்ரசாக் பூச்சமாவும் சகாக்களும் 2007-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், சமூகத் தொடர்பைக் கூட்டுவது இறப்பு வாய்ப்பை 0.40 மடங்காகக் குறைப்பதோடு இணைந்திருந்தது. குளிர்ந்த இடங்களுக்குச் செல்வது 0.34, வீட்டில் குளிர்சாதனம் இருப்பது 0.23. ஒரு மனிதரின் வருகை இயந்திரத்துக்கு மிகவும் பின்தங்கிவிடவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

வெப்பத்துக்கு அப்பால்

வெப்ப அலை அரிதாக வருவது. அதில் கண்டதை அன்றாட உடல்நலத்துக்கு நீட்டலாமா என்று கேட்டால், நீட்டலாம் என்பதற்குச் சிகாகோ ஆய்வு வெளிவந்த அதே 1996-இலேயே ஒரு சான்று கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் தனியாக வாழ்ந்து, வீட்டுக்குள் எழ முடியாத நிலையிலோ இறந்தோ கண்டெடுக்கப்பட்ட 360-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு அது. ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 12 விழுக்காடு. 72 மணி நேரத்துக்கு மேல் கிடந்தவர்களில் 67 விழுக்காடு. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் தரையில் நீண்ட நேரம் கிடந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும், நீர்ச்சத்து வற்றும், உடல் குளிரும். விழுந்தது ஒரு விபத்து. கிடந்ததுதான் மரணத்துக்குக் காரணம்.

மூளைப் பக்கவாதத்தில் இது இன்னும் கூர்மையானது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். ஆகவே மருத்துவர் முதலில் கேட்பது, இவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தார்கள் என்பதே. காலையில் பேசிய நண்பர் ஒருவர் அதற்குச் சாட்சி சொல்லலாம். எவரும் பார்க்கவில்லை என்றால் கடிகாரம் நேற்றிரவிலிருந்து ஓடத் தொடங்கும், பல வேளைகளில் சிகிச்சைக்கான வாசல் மூடிவிடும். நவீன மூளை ஸ்கேன்கள் இந்த நிலையைச் சிலருக்கு மட்டுமே மாற்றியிருக்கின்றன.

நீண்டகால விளைவுகள் பற்றிய சான்றும் ஏராளம். ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் சகாக்களும் 2010-இல் 148 ஆய்வுகளையும் 3,08,849 பேரையும் தொகுத்துப் பார்த்தபோது, வலுவான சமூக உறவுள்ளவர்கள் ஆய்வுக்காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பலரும் மேற்கோள் காட்டும் எண் இது. அதற்குள் இருக்கும் இன்னொரு விவரத்தை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தனியாக வாழ்கிறாரா இல்லையா என்று மட்டும் கேட்ட ஆய்வுகளில் விளைவு மிகச் சிறிது, உயிரோடு இருக்கும் வாய்ப்பு 1.19 மடங்கு. குடும்பம், நண்பர், அண்டைவீட்டார், குழு, பணி எனப் பலவகை உறவுகளில் ஒருவர் எவ்வளவு பிணைந்திருக்கிறார் என்று அளந்த ஆய்வுகளில் அது 1.91. ஒரே ஒரு நெருங்கிய உறவு எவ்வளவு ஆழமானதாயினும், அந்த ஒருவர் ஊரில் இல்லாத வாரத்தில் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்த வேறுபாடு வியப்பளிக்காது.

மன அழுத்தம், தூக்கம், இரத்த அழுத்தம், அழற்சி வழியாக உறவுகள் உடலைத் தொடுகின்றன என்பதற்கும் ஆய்வகச் சான்றுகள் உண்டு. ஷெல்டன் கோஹென் 1997-இல் 276 தன்னார்வலர்களின் மூக்கில் சளிக்கிருமியை விட்டுப் பார்த்தபோது, உறவு வகைகள் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கே சளி அதிகம் பிடித்தது. இதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இந்த வழி ஒன்றையே நம்பி நடத்திய ஒரு பெரிய சோதனை ஏமாற்றியது என்பதும் சொல்லப்பட வேண்டும். மாரடைப்பு வந்து, மனச்சோர்வோ போதிய ஆதரவின்மையோ கொண்டிருந்த 2,481 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2003-இல் வெளியான சோதனையில், ஒரு பிரிவினருக்கு உளவியல் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர்களுடைய மனச்சோர்வு குறைந்தது, தமக்கு ஆதரவு இருக்கிறது என்ற உணர்வும் கூடியது. ஆனால் மறு மாரடைப்பும் மரணமும் இரு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தன. ஆதரவு இருப்பதாக உணரவைப்பதும், ஆதரவாக ஓர் ஆள் இருப்பதும் வேறு வேறு என்பதே இதற்கு நான் தரும் விளக்கம். விளைவு தெரியும் அளவுக்கு உணர்வில் ஏற்பட்ட மாற்றம் பெரிதாக இல்லை என்று விளக்குவோரும் உண்டு.

அதன் பிறகு

1999 கோடையில் சிகாகோவை மீண்டும் வெப்ப அலை தாக்கியது. இம்முறை நகர நிர்வாகம் குளிரூட்டப்பட்ட மையங்களைத் திறந்ததோடு நிற்கவில்லை; தனியாக வாழும் முதியோரைத் தொலைபேசியில் அழைத்தது, காவலர்களையும் ஊழியர்களையும் வீடுவீடாக அனுப்பிக் கதவைத் தட்டச் செய்தது. இறந்தவர்கள் சுமார் 110 பேர். இரண்டு வெப்ப அலைகளும் ஒரே கடுமை உடையவை அல்ல, ஆகவே குறைந்த உயிர்கள் அனைத்தையும் அந்தத் தட்டலின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் 1995-இல் நண்பர்கள் செய்த வேலை என்னவோ, அதையே நிர்வாகம் கடன் வாங்கிச் செய்தது என்பதில் ஐயமில்லை.

பிரான்சில் 2003 ஆகஸ்டு வெப்ப அலை ஏறத்தாழ 15,000 உயிர்களைக் கூடுதலாகக் கொண்டுபோன பின், 2004-இல் வந்த சட்டம் ஒவ்வொரு நகராட்சியும் தனித்திருக்கும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பதிவேட்டை வைத்திருக்க வகைசெய்தது. எச்சரிக்கை விடப்பட்டால் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் நகராட்சி தொடர்புகொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் பெயர் சேர, அந்த நபரே கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லது அவரை அறிந்த ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். கேட்கத் தயங்குபவரும், கேட்டுச் சொல்ல எவரும் இல்லாதவரும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களை அறிந்திருக்கக்கூடியவர்கள் அஞ்சல்காரர், மருந்துக்கடைக்காரர், கட்டடக் காவலாளி, வீட்டுக்கு வரும் செவிலியர் போன்றவர்கள்தான்; அவர்கள் வழியாகப் பெயர்களைத் திரட்டுவது தனியுரிமையில் தலையிடுவதாகாதா என்ற கேள்வியைத் தீர்க்காமல் அந்தப் பதிவேடு நிறைவடையப் போவதில்லை.